நள வருஷத்து மாசி வியாழன்

ஜவ்வாது மலையின் பழைய நாள் ஒன்றை முழுசாக எழுதிப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நாள் 1977 மார்ச் 10. நள வருஷம், மாசி மாதத்தின் கடைசி வாரம், வியாழக்கிழமை. அன்று பின்னிரவில், மலையின் மேற்குப் பகுதியிலுள்ள காவலூரில், ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் சில வினாடிகள் மங்கித் திரும்பியது. அந்த மங்கல் நேரத்தோடு பதிவாகி, அதே ஆண்டு லண்டன் 'நேச்சர்' இதழில் அச்சேறியது. உலக அறிவியல் வரலாற்றில் அந்த மலைக்கு ஒரு தேதி கிடைத்தது அப்படித்தான். அதே நாளில் அதே மலையில் சாமை என்ன விலைக்குப் போனது, புளி சுமந்து இறங்கியவளின் கையில் என்ன மிஞ்சியது, ஒரு புட்டி மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு தானியம் அளந்து கொட்ட வேண்டியிருந்தது என்பதையெல்லாம் குறித்துவைக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஒரு நாளின் இந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அன்றைய செய்தி என்றால் தேர்தல்தான். ஜனவரி 18-ஆம் தேதி மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு. நெருக்கடி நிலை சட்டப்படி அப்போதும் நீங்கியிருக்கவில்லை. அது 21-ஆம் தேதிதான் விலக்கப்பட்டது. ஆனாலும் பத்திரிகைத் தணிக்கை தளர்ந்திருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாய் கட்டப்பட்டிருந்த தாள்கள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தன. பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெகஜீவன் ராம் காங்கிரஸை விட்டு வெளியேறியதிலிருந்தே காற்று மாறிவிட்டதை ஏ.என். சிவராமனின் தினமணியைப் படித்தவர்கள் உணர்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தேர்தலில் ஒரு பக்கம் அ.தி.மு.க.வும் காங்கிரஸும், மறு பக்கம் தி.மு.க.வும் ஜனதாவும். காமராஜர் மறைந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எம்.ஜி.ஆர். நடித்து ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'நவரத்தினம்' அந்த மாதத் தொடக்கத்தில் திரைக்கு வந்திருந்தது. கொட்டகைச் சுவரொட்டியிலும் பிரச்சார வண்டியிலும் ஒரே முகம்.

வெளிநாட்டுச் செய்திக்கும் குறைவில்லை. ருமேனியாவில் மார்ச் 4-ஆம் தேதி பூமி குலுங்கி ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். புக்கரெஸ்டில் இடிபாடுகளுக்குள் தேடுதல் நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் 9-ஆம் தேதி ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் மூன்று கட்டடங்களில் நூற்றைம்பது பேரளவு மனிதர்களைப் பிணை பிடித்து வைத்திருந்தது. எகிப்து, ஈரான், பாகிஸ்தான் தூதர்கள் மூவரும் சேர்ந்து பேசித்தான் அது 11-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அந்தப் பாகிஸ்தானிலோ 7-ஆம் தேதி நடந்த தேர்தலில் மோசடி என்று சொல்லி, மாகாணங்களுக்கு 10-ஆம் தேதி நடந்த தேர்தலை எதிர்க்கட்சிகள் புறக்கணித்துவிட்டன. இரண்டு நாள் கழித்து மெல்போர்னில் டெஸ்ட் கிரிக்கெட்டின் நூற்றாண்டு ஆட்டம் தொடங்கவிருந்தது. ஒரு சராசரி நாளில் உலகம் இவ்வளவையும் வைத்திருக்கிறது.

மலைக்கு இவை போய்ச் சேர்ந்த வழி வானொலி. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி, வீட்டுக்கு ஒன்றாக அல்ல, ஊருக்கு ஒன்றாக இருந்த டிரான்சிஸ்டர்களில் கேட்டது. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தாலும் அதன் அலை ஜவ்வாது மலையின் பள்ளத்தாக்குகளை எட்டவில்லை. செய்தித்தாள் ஆலங்காயம், போளூர், செங்கம் வரைக்கும் வரும். அதற்கு மேல் அது சாமான் சுற்றிய காகிதமாகத்தான் ஏறும். தேர்தல் நேரத்தில் மட்டும் சின்னங்கள் மலையேறி வந்தன. இரட்டை இலையும் உதயசூரியனும் பசுவும் கன்றும் எழுத்தறியாத ஊர்களிலும் பேசப்பட்டன. டெல்லி ஆட்சியை மாற்றப்போகும் தேர்தல் என்று அன்றைக்கு மலையில் மட்டுமல்ல, டெல்லியிலேயே பலர் நம்பவில்லை.

இனி விலை. 1977-ஆம் ஆண்டில் பத்து கிராம் தங்கத்தின் சராசரி விலையாகப் பட்டியல்கள் தருவது ஏறக்குறைய 486 ரூபாய். ஒரு பவுன் நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டாலருக்கு ஒன்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சாதா நெல்லுக்கு மத்திய அரசு அந்தப் பருவத்துக்கு வைத்த கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 74 ரூபாய். பழைய விலையைப் படித்துப் பெருமூச்சு விடும் வழக்கம் நமக்கு இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. கூலியைச் சொல்லாமல் விலையைச் சொல்வது பாதிப் பொய். நூறு கிலோ நெல்லைப் பாடுபட்டு விளைவித்தவன் அதைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி ஒரு பவுனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட வாங்க முடியாது என்று அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பெருமூச்சின் திசை மாறிவிடும். அன்று ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள்கூடப் புழக்கத்தில் இருந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவற்றைச் செல்லாது என்று அறிவித்தபோது ஜவ்வாது மலையில் எவருடைய தூக்கமும் கெட்டிருக்காது.

இந்த எண்களில் ஒன்றுகூட மலையின் எண் இல்லை. விலைவாசியை அரசு எங்கெங்கே நின்று அளந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். 1960-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு நாடு முழுக்க ஐம்பது மையங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, குன்னூர். மற்ற மூன்றும் ஆலை நகரங்கள். குன்னூர் மட்டும் மலை. அந்த மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன, தோட்டங்களில் பஞ்சப்படி வாங்கும் தொழிலாளர் இருந்தார்கள், அதனால் குன்னூர்க் கடையில் அரிசியும் பருப்பும் என்ன விலை என்பது சிம்லாவிலுள்ள தொழிலாளர் பணியகம்வரை போக வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் தேயிலை போடவில்லை. அங்கே பஞ்சப்படி கேட்க ஆள் இல்லை. கேட்கும் ஆள் இல்லாத இடத்தில் விலை இருந்தும் எண் ஆகாது.

மலையில் வாழ்வோர் மலையாளிகள் என்ற பழங்குடிகள். கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்தவர்கள். அன்றைக்கு மலை முழுவதும் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், காவலூர்ப் பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். மலையின் தானியம் சாமை. ஆடியை ஒட்டி விதைத்துக் கார்த்திகைக்குள் அறுப்பார்கள். மாசிக் கடைசியில் சாமை குதிருக்குள்ளோ கடன்காரன் வீட்டுக்குள்ளோ போயிருக்கும். அப்போது மலையிலிருந்து இறங்குவது புளி. காய் உதிர்க்க, ஓடு தட்ட, கொட்டை எடுக்க என்று குடும்பமே உட்காரும் பருவம். அடுத்துத் தேனும் பலாவும் வரும்.

இறங்குவதற்கு ஒரு விலை, ஏறுவதற்கு இன்னொரு விலை. மலைப் பொருளாதாரத்தின் முழு ரகசியமும் இதுதான். இறங்கும் புளியும் சாமையும் தலைச்சுமையாக இறங்கின. சந்தைக்கு வந்த சுமையை விற்காமல் திருப்பித் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். பொழுது சாயச் சாய விலை சாயும். ஏறுகிற உப்பு, துணி, மண்ணெண்ணெய், வெல்லம் ஆகியவற்றுக்கோ ஒவ்வொரு வளைவிலும் விலை கூடும். 1976-77-இல் நிலக்கடலை எண்ணெய் விலை நாடெங்கும் ஏறியது. மலையடிவாரத்துப் போளூர், செங்கம் காடுகள் மணிலாப் பயிருக்குப் பேர்போனவை. அந்தச் செக்குகளிலிருந்து எண்ணெய் ஏழெட்டுக் கல் தூரம் மேலே போவதற்குள் இன்னும் ஏறியது. அரசு கிலோவுக்கு மாறிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் மலையில் படியும் மரக்காலும்தான் பேசின. கொடுக்கும்போது ஒரு படி, வாங்கும்போது ஒரு படி என்று இரண்டு படி வைத்திருக்கும் வியாபாரியை மலைக்காரர்கள் இன்றும் பேச்சில் விட்டுவைப்பதில்லை. இந்த விலையை எந்தக் குறியீடு அளக்கும்? அது ரூபாயில் இல்லை, படியின் அடிப்பாகத்தில் இருந்தது.

அந்த விலைக்குள் கடனும் ஒளிந்திருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய பணத்துக்கு அடுத்த அறுப்புச் சாமையை இன்றைக்கே பேசி முடித்துவிடுவார்கள். இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டம் கிராமக் கடனையும் கொத்தடிமை முறையையும் ஒழிப்பதாகச் சொன்னது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அது வந்ததால்தான் பின்னாளில் வட ஆர்க்காட்டின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் பல குடும்பங்களை மீட்க முடிந்தது. டெல்லியில் எழுதிய சட்டம் மலைமேல் போய்ச் சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது வேறு கேள்வி.

மலையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் சர்க்கார் கணக்கு கச்சிதமாக இருந்தது. சந்தனம். யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. வெட்டிய கட்டை திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போய்த் தரம் பிரிந்து, எடையாகி, ஏலத்தில் விலைபோகும். வேர், வயிரம், சிராய்த்தூள்வரை தனித்தனித் தரம். அதே காட்டில் விளைந்த கடுக்காய்க்கோ அதைப் பொறுக்கியவளின் கூலிக்கோ அப்படி ஒரு ஏடு திறக்கப்படவில்லை. கோடரி பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகளைத் தேடிப் பின்னாளில் தரகர்கள் வந்தார்கள், சந்தனத்துக்கும் பிறகு ஆந்திரத்துச் செம்மரத்துக்கும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல் படையின் துப்பாக்கிக்கு இருபது தொழிலாளர்கள் பலியானார்கள். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வாரம் மலையின் குக்கிராமப் பெயர்கள் நாடறிய அச்சேறின. ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அப்போதுதான் பத்திரிகைகள் அங்கே போய்க் கேட்டன.

இந்த மலைக்கு விஞ்ஞானம் வந்தது அதன் இருட்டுக்காக. கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, 1960-களில் தென்னிந்தியாவில் புதிய இடம் தேடியபோது காவலூரைப் பிடித்தார். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் கிட்டே இல்லை. பன்னிரண்டரை டிகிரி வடக்கு என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி கண்ணுக்குப் படும். 1968-இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்துக் கார்ல் செய்ஸ் ஆலையிலிருந்து ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. வந்த சூட்டோடு ஜூன் 7-ஆம் தேதி வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பதிவு செய்தது.

இருட்டு என்று லேசாகச் சொல்லிவிட்டேன். காவலூரைச் சுற்றி இருந்த இருட்டு இயற்கை கொடுத்தது மட்டுமல்ல. மலையின் பெரும்பாலான ஊர்களில் கம்பம் நடப்படவில்லை. விளக்கு என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. எண்ணெய்க்குச் செலவு என்பதால் அதையும் சோறுண்டதும் ஊதி அணைத்துவிடுவார்கள். வானாய்வாளருக்கு ஒரு நல்ல இரவு கிடைக்க, கீழே நூற்றுக்கணக்கான வீடுகளில் சீக்கிரம் விளக்கணைய வேண்டியிருந்தது. ஒருவருக்கொருவர் செய்த துரோகம் இல்லை இது. பாப்பு அந்த வறுமையை உண்டாக்கவில்லை. நம் நாட்டிலேயே கண்ணாடி தேய்த்துப் பெரிய தொலைநோக்கி கட்ட வேண்டும் என்று பாடுபட்டு, அது முடிவதற்குள் 1982-இல் மியூனிக்கில் உயிர்விட்ட மனிதர் அவர். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த வியாழக்கிழமையின் விலைப்பட்டியலில் இருட்டையும் ஒரு சரக்காக எழுத வேண்டும். அதைக் கொடுத்தவர்களுக்கு யாரும் விலை தரவில்லை.

எஸ்.ஏ.ஓ. 158687 என்ற எண் கொண்ட நட்சத்திரம் துலாம் ராசியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. யுரேனஸ் கோள் அதன் குறுக்கே போகப்போகிறது என்று கணித்திருந்தார்கள். நட்சத்திரம் மறைந்து வெளிப்படும் நேரத்தை அளந்தால் கோளின் விட்டத்தையும் காற்று மண்டலத்தையும் துல்லியமாகக் கணக்கிடலாம் என்பது நோக்கம். அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் மூவரும் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் ஏறி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். பெர்த், கேப் டவுன், நைனிடால் ஆகிய இடங்களிலும் கருவிகள் தயாராக இருந்தன. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியோடு விழித்திருந்தார்கள். உலக நேரப்படி அது மார்ச் 10 இரவு. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 11 பிறந்துவிட்டது. விடிந்தால்தான் மறுநாள் என்கிற பஞ்சாங்கத்துக்கும் மலைக்காரர்களுக்கும் இன்னும் வியாழன்தான்.

கோள் நட்சத்திரத்தைத் தொடும் என்று குறித்திருந்த நேரத்துக்கு வெகு முன்பே ஒளிமானியின் பதிவு ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. மேகம் இல்லை, கருவியில் கோளாறு இல்லை. ஏதோ ஒரு பொருள் குறுக்கே போயிருக்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்று கருதி அப்படியே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்கள். விமானத்திலிருந்தவர்களின் பதிவில் கோளுக்கு முன்னும் பின்னும் இணை இணையாகத் தாழ்வுகள் இருந்தன. எல்லோருடைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விடை தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் அந்தக் கோளைக் கண்டதிலிருந்து 196 ஆண்டுகளுக்கு மூன்று நாள் குறைவு. அதுவரை வளையம் என்றால் சனிக்கு மட்டும்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பட்டாச்சார்யாவும் பாப்புவும் அந்த ஆண்டே தங்கள் பதிவைத் திரும்ப ஆராய்ந்து, சனியைப் போன்ற வளைய அமைப்பு என்று இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். துணைக்கோள் என்று முதலில் எண்ணியதை அவர்களே திருத்திக்கொண்டார்கள். பதிவு இருந்ததால்தான் அந்தத் திருத்தம் முடிந்தது.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சில வினாடி மங்கலுக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. புரியாத நிலையிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள், பிறகு அர்த்தம் வந்தது. விலைக்கும் இது பொருந்தும். ஒரு படி சாமைக்கு எவ்வளவு உப்பு என்பது அன்றைக்கு அற்பமான செய்தியாக இருந்திருக்கும். ஐம்பது ஆண்டு கழித்து, அந்த மலை ஏன் வறண்டது, ஆண்கள் ஏன் கோடரியோடு எல்லை தாண்டினார்கள் என்று கேட்கும்போது அந்த அற்பம் தேவைப்படுகிறது. இன்றைக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகும் கம்பும் சோளமும் இருக்கின்றன, சாமை இல்லை. சிறுதானிய ஆண்டு என்று 2023-ஐ உலகமே கொண்டாடியும் அந்த இடம் நிரம்பவில்லை.

1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து 234 சென்டிமீட்டர்த் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். பதினெட்டு நாள் கழித்து வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்து போய் அந்த வளையங்களைக் கிட்டத்தில் படமெடுத்தது.

எளிய மனிதரின் ஒரு நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. மலையடிவாரத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஆநிரை கவரப்பட்ட ஒரு நாள், அன்று செத்த ஒருவன், அரசனின் ஆட்சியாண்டு, எல்லாம் கல்லில் இருக்கும். எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரனோடு, அவன் மாண்ட பிறகும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

1977-இல் இருபது வயதில் புளி சுமந்தவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. அவர்களிடம் கேட்க வேண்டியவை கடினமான கேள்விகள் இல்லை. எந்தப் பாதையில் இறங்கினீர்கள், எந்தச் சந்தைக்கு? சுமை எத்தனை மரக்கால்? யாருடைய படியில் அளந்தார்கள்? காசு கைக்கு வந்ததா, கடனில் கழிந்ததா? திரும்பும்போது என்ன வாங்கினீர்கள்? ஒரு புட்டி மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்கு வந்தது? திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலும் ஜமுனாமரத்தூர்ப் பள்ளிகளிலும் படிக்கிற மலைப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் இதைச் செய்து முடித்துவிடலாம். அவர்களுக்கு மலையின் பேச்சு தெரியும். பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். தேதி நினைவுக்கு வராத பெரியவர்களிடம் வருஷத்தையும் மாசத்தையும் சொல்லிக் கேட்பதைவிட, எமர்ஜென்சிக்கு அப்புறம் வந்த முதல் ஓட்டு, அதற்கு முந்தின வாரம் என்று கேட்டால் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.